‘வேக்’ என்றால் ‘தெளிவற்ற’ மட்டும்தானா?

சில வருடங்களுக்கு முன்பு ஒரு சொத்துத் தகராறு வழக்கின் ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழில் பெயர்க்கும் வேலை எனக்கு வந்தது. முப்பது பக்கம் இருக்கும். அதில் ‘வேக்’ (vague) என்ற சொல் நான்கு இடங்களில் வந்தது. நான்கு இடத்திலும் கை தானாகவே ‘தெளிவற்ற’ என்று எழுதிவிட்டது. அகராதியைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவதும் அதுதானே.

மூத்த வக்கீல் நான்கையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “தம்பி, குற்றச்சாட்டு தெளிவற்றதுன்னு எழுதியிருக்கீங்க. படிக்கிறவங்க ஜெராக்ஸ் சரியா விழலைன்னுல்ல நெனச்சுக்குவாங்க?” என்றார். அப்புறம் மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். சாட்சிக்குத் தேதி பற்றி ‘வேக்’கான நினைவுதான் இருக்கிறது. பணம் எப்போது கைமாறியது என்று கேட்டபோது எதிர்த்தரப்புக்காரர் ‘வேக்’காகப் பேசினார். இரவில் கேட் பக்கம் ஒரு ‘வேக்’கான உருவம் தெரிந்தது. “இந்த நாலும் ஒண்ணா தம்பி?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வட்டமிட்ட தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு நாலு தமிழ் தேவைப்படுகிறதே, அப்படி என்னதான் இருக்கிறது அதற்குள் என்று தோண்ட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

முதலில் உச்சரிப்பை முடித்துவிடலாம். எழுத்தைப் பார்த்து ‘வேகு’ என்றும் ‘வாக்யூ’ என்றும் படிப்பவர்கள் நம்மில் நிறைய. கடைசியில் நிற்கும் இரண்டு உயிரெழுத்துகளுக்கும் ஒலி கிடையாது. லீக், பிளேக் போன்ற சொற்களிலும் இதே கதைதான். ஆகவே ஓரசைதான்: ‘வேக்’. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இன்னொரு சொல் உண்டு, ‘வோக்’. அது நாகரிகம், இப்போதைய மோஸ்தர் என்ற பொருளில் வருவது. ஓர் எழுத்துதான் வித்தியாசம், அவசரத்தில் தட்டச்சினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். பிரெஞ்சு சினிமா பேசுகிறவர்கள் வாயில் அடிபடும் ‘நூவெல் வாக்’ என்பதில் உள்ள ‘வாக்’ எழுத்தில் அச்சாக இதேதான். ஆனால் அங்கே அதற்குப் பொருள் அலை. ‘புதிய அலை’ என்பதை ‘புதிய குழப்பம்’ என்று புரிந்துகொள்ள வேண்டாம், சில படங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றினாலும்.

சொல்லின் வேர் லத்தீன். ‘வேகஸ்’ என்றால் அலைகிற, ஓரிடத்தில் நிலைக்காத என்று பொருள். அது பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. வேகபாண்ட் என்கிற நாடோடி இதே குடும்பம். எக்ஸ்ட்ராவகன்ட் என்று ஊதாரிச் செலவைச் சொல்கிறோமே, அதன் உள்ளர்த்தம் எல்லை தாண்டி அலைவது. மருத்துவர்கள் சொல்லும் வேகஸ் நரம்பும் அப்படிப் பெயர் பெற்றதுதான். மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் அது பத்தாவது. மற்றவை பெரும்பாலும் தலை, கழுத்து வட்டாரத்தோடு வேலையை முடித்துக்கொள்ள, இது மட்டும் கழுத்தைக் கடந்து இதயம், நுரையீரல், வயிறு என்று ஊர் சுற்றிவிட்டு வரும். ஊசியைப் பார்த்ததும் சிலர் தொப்பென்று மயங்கி விழுவதில் இந்த நாடோடி நரம்புக்கும் பங்கு உண்டு.

ஆக, ‘வேக்’ என்ற சொல்லின் அடியில் இருப்பது இருட்டோ மங்கலோ அல்ல. அலைச்சல். பொருள் ஓரிடத்தில் உட்காராமல் திரிகிறது. முளைக்குச்சியில் கட்டிய மாடு எவ்வளவு தூரம் மேயும் என்று நமக்குத் தெரியும். கயிறு அவிழ்ந்துவிட்டால்? மாடு நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிறது, அது மாடுதான் என்பதிலும் சந்தேகமில்லை, எதுவரை போகும் என்பதுதான் தெரியாது. ‘தெளிவற்ற’ என்ற மொழிபெயர்ப்பு சறுக்குவது இந்த இடத்தில்தான்.

நாம் எல்லோரும் ஆயிரம் தடவை கேட்ட வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘விரைவில் தக்க நடவடிக்கை எடுக்கப்படும்.’ இதில் எந்தச் சொல் தெளிவாக இல்லை? ஐந்தாம் வகுப்புப் பையன்கூடப் படித்துப் புரிந்துகொள்வான். இலக்கணப் பிழை இல்லை, இரட்டை அர்த்தம் இல்லை, அருஞ்சொல் எதுவும் இல்லை. ஆனால் விரைவில் என்றால் நாளையா, அடுத்த ஆண்டா? தக்க என்றால் யாருக்குத் தக்க? யார் எடுப்பார்கள்? செயப்பாட்டு வினை அதையும் விழுங்கிவிட்டது. கண்ணாடி போலத் தெளிவான வாக்கியம், ஆனால் முழுக்க முழுக்க ‘வேக்’. இந்த ஒரு உதாரணம் பிடிபட்டுவிட்டால் சொல்லில் பாதி பிடிபட்டுவிடும்.

இதன் பங்காளிகளோடு வைத்துப் பார்த்தால் மீதியும் விளங்கும். ‘ஆம்பிகுவஸ்’ என்பது இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் சொல். அங்கே பொருள் இரண்டு, இரண்டுமே துல்லியம், எது என்பதுதான் கேள்வி. ‘பழைய புத்தகக் கடை’ என்று ஒரு பலகை. பழையது புத்தகமா, கடையா? இரண்டில் ஒன்று என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. காளமேகத்தின் சிலேடைகள் வேண்டுமென்றே செய்த ஆம்பிகுவஸ் வேலை. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டு பொருந்த வேண்டுமென்றால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு பக்கமும் கச்சிதமாக உட்கார வேண்டும். அதில் ‘வேக்’ ஆன இடம் ஒன்றுகூட இருக்க முடியாது, இருந்தால் சிலேடை செத்துவிடும். ‘அப்ஸ்க்யூர்’ வேறு சங்கதி. லத்தீனில் அதன் மூலச்சொல்லுக்கு இருண்ட என்று பொருள். சித்தர் பாடல்களின் பரிபாஷை மாதிரி, பொருள் திட்டவட்டமாக உள்ளே இருக்கிறது, நமக்குத்தான் சாவி இல்லை. ‘நெபுலஸ்’ என்பது மூடுபனியிலிருந்து வந்தது. இன்னும் உருவமே எடுக்காத திட்டம், எண்ணம் ஆகியவற்றுக்குப் பொருந்தும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். பொதுவாகச் சொல்வது எல்லாம் ‘வேக்’ ஆகிவிடாது. ‘மாவட்டத்தில் உள்ள அனைத்துப் பள்ளிகளுக்கும் நாளை விடுமுறை’ என்பது மிகப் பொதுவான அறிவிப்பு. எந்தப் பள்ளியின் பெயரும் அதில் இல்லை. ஆனால் எந்த அம்மாவும் அதைக் கேட்டுவிட்டு நாளைக்குச் சாப்பாட்டுப் பை கட்டுவதா வேண்டாமா என்று குழம்ப மாட்டார். ‘மழை அதிகமாக இருந்தால் விடுமுறை’ என்று சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்.

சரி, அதிகம் என்றால் எவ்வளவு? இந்தக் கேள்வி மிகப் பழையது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் மைலீட்டஸ் ஊரைச் சேர்ந்த யூபுலிடீஸ் என்ற கிரேக்கர் இதைப் புதிராகப் போட்டார் என்பார்கள். களத்தில் ஒரு நெல் அம்பாரம். ஒரு மணியை எடுத்துவிட்டால் அம்பாரம் அம்பாரம்தானே? இன்னொன்றை எடுத்தால்? அப்படியே ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு மணி நிற்கும். அதுவும் அம்பாரமா? இல்லையென்றால் எந்த மணியை எடுத்தபோது அது அம்பாரமாக இல்லாமல் போனது? நம் விவசாயி இதைக் கேட்டால் ‘வேலையில்லாதவன் பேச்சு’ என்று சொல்லிவிட்டு மரக்காலை எடுத்து அளக்கப் போய்விடுவார். அதுவும் ஒரு பதில்தான், பின்னால் வருகிறேன். வழுக்கைத் தலையை வைத்தும் இதே புதிர் உண்டு: எத்தனை முடி கொட்டினால் ஒருவர் வழுக்கை?

1923-ல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பே ‘வேக்னஸ்’தான். அவர் வாதத்தின் சாரம் இது: உலகத்தில் உள்ள பொருள்கள் ‘வேக்’காகவும் இல்லை, துல்லியமாகவும் இல்லை, அவை இருக்கிறபடி இருக்கின்றன. ஒன்றைச் சுட்டிக்காட்டும் சொல்லுக்கும் படத்துக்கும்தான் இந்தக் குணம் பொருந்தும். மேகம் ‘வேக்’ அல்ல, ‘மேகம்’ என்ற சொல்தான் ‘வேக்’. சிவப்பு எங்கே முடிந்து ஆரஞ்சு எங்கே தொடங்குகிறது என்பது நிறத்தின் கோளாறல்ல, நம் சொல்லுக்கு வேலி இல்லாத கோளாறு. மெய்யியல் மாணவர்கள் இதை வைத்து இன்றும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டைக்குள் போக எனக்குத் தெம்பில்லை.

எனக்கு நிஜமாகவே உதவியது லாட்ஃபி சாதே. பாகு நகரில் 1921-ல் பிறந்து, அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். ‘ஃபஸி லாஜிக்’ என்று வாஷிங் மெஷின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கெல்லாம் அடிப்படையான ஃபஸி கணங்கள் பற்றி அவர் எழுதியது 1965-ல். ‘உயரமானவர்’ என்பதற்கு ஆம், இல்லை என்று இரண்டே பதில் வைக்காமல், எந்த அளவுக்கு என்று பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் மதிப்பெண் கொடுக்கும் கணக்கு அது. 1987-ல் ஜப்பானின் செண்டாய் நகரத்து மெட்ரோ ரயிலைக் குலுங்காமல் நிறுத்தவும் கிளப்பவும் இந்தக் கணக்கு பயன்பட்டது. அப்படிப்பட்ட ஆள், 1978-ல் எழுதிய ஒரு கட்டுரையில் ‘ஃபஸி வேறு, வேக் வேறு, இரண்டையும் கலக்காதீர்கள்’ என்று பிரித்துக் காட்டினார். இன்னும் சில நிமிடங்களில் வருவார் என்பது ஃபஸி. எப்போதாவது வருவார் என்பது, அதை வைத்து ஒரு முடிவு எடுக்க வேண்டியவருக்குப் போதவில்லை என்றால், ‘வேக்’.

போதவில்லை என்றால்! இந்தச் சின்ன நிபந்தனைதான் சாவி. “ஒரு அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்” என்று ஒருவர் போனில் சொன்னால் அது சரியாக 300 விநாடி என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. டீ சொல்லலாமா என்று தீர்மானிக்க அது போதும். “இதோ வந்துட்டேன்” என்பவர் இன்னும் வீட்டில் சட்டை தேடிக்கொண்டிருக்கலாம். அதை நம்பி டீ சொல்ல முடியாது. ஆனால் அதே “இதோ வந்துட்டேன்”, சமையலறையில் இருந்து கூடத்துக்கு வருகிறவர் சொன்னால் தாராளமாகப் போதும். சொல் அதேதான், கேட்கிறவருடைய தேவைதான் மாறுகிறது. மரக்காலை எடுக்கப் போன விவசாயிக்கு ‘அம்பாரம்’ என்ற சொல்லே எந்தக் கஷ்டமும் தரவில்லை. விலை பேச வரும்போதுதான் அது போதாமல் போகிறது, அப்போது அவர் அளந்துவிடுகிறார்.

நான் எட்டிய முடிவும் இதுதான். ‘வேக்’ என்பது ஒரு சொல்லின் நிறம், உயரம் மாதிரியான குணமில்லை. அது ஒரு புகார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கேட்கிறவர் வைக்கும் புகார்.

அந்தப் புகாருக்கு ஊர் முழுக்க இடம் உண்டு என்றாலும், அது எடுபடும் இடம் நீதிமன்றம். நம் நாட்டுச் சட்டத்தில் இந்தப் பெயரடைக்கு ஒரு தனி வரலாறே இருக்கிறது. அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்த மறு ஆண்டே, 1951-ல், ஆத்மாராம் ஸ்ரீதர் வைத்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சொல்லைக் கையில் எடுத்து விளக்க வேண்டி வந்தது. விசாரணை இல்லாமல் தடுப்புக் காவலில் வைக்கப்படுகிறவருக்கு, எதற்காகப் பிடித்தோம் என்ற காரணங்களைச் சொல்ல வேண்டும், அவர் முறையீடு செய்ய வாய்ப்பு தர வேண்டும் என்கிறது 22(5) பிரிவு. கொடுத்த காரணம் ‘வேக்’ என்றால்? அப்போதைய தலைமை நீதிபதி கனியா, ‘வேக்’ என்பதை ‘டெஃபினிட்’ என்பதற்கு எதிர்ச்சொல்லாகக் கொள்ளலாம் என்றார். போதிய திட்டவட்டத்தோடு புரிந்துகொள்ளவோ வரையறுக்கவோ முடியாத காரணத்தை ‘வேக்’ எனலாம் என்றும், ஒன்று ‘வேக்’ஆ இல்லையா என்பது அந்தந்த வழக்கின் சூழலைப் பொறுத்தது என்றும் விளக்கினார். கவனியுங்கள், அளவுகோல் இங்கேயும் அதேதான்: அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, உள்ளே இருக்கிற மனிதர் தன் தரப்பை எழுத முடியுமா? ‘சமூக விரோதச் செயல்களில் ஈடுபட்டார்’ என்று மொட்டையாக எழுதினால் அவர் எதை மறுப்பார்? இன்ன தேதி, இன்ன தெரு, இன்ன காரியம் என்றால், அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை என்றாவது சொல்லலாம்.

ஒருவர் மேல் சுமத்தும் காரணம் ‘வேக்’காக இருப்பது ஒரு ரகம். சட்டமே ‘வேக்’காக இருந்துவிட்டால் அது அடுத்த ரகம். மத்திய மாகாணங்கள் மற்றும் பெரார் பகுதிக்கு 1946-ல் ஒரு குண்டர் சட்டம் போட்டார்கள். குண்டர் என்றால் யார் என்பதற்கு அதில் தந்த வரையறையில் ‘வேகபாண்ட்’, அதாவது ஊர் சுற்றி, என்ற சொல்லும் ஒன்று. பொது அமைதிக்கு ஆபத்தானவரும் அதில் அடக்கம் என்று ஒரு வால் வேறு. இந்த வரையறையை வைத்து யார் குண்டர் என்று முடிவு செய்வது என்று கேட்டு, 1960-களின் தொடக்கத்தில் பல்தேவ் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்க மறுத்தது. அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதை நடந்தது. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரச் சட்டம் வேகபாண்டுகள், வேலையில்லாமல் இங்குமங்கும் நடமாடுகிறவர்கள், வழக்கமான சோம்பேறிகள் என்று நீண்ட பட்டியல் போட்டு எல்லோரையும் குற்றவாளியாக்கியது. 1972-ல் பாபகிறிஸ்டு வழக்கில் நீதிபதி டக்ளஸ் எழுதிய தீர்ப்பில் அந்தச் சட்டம் ‘வேக்’ என்ற காரணத்துக்காகவே செத்தது. அலைகிறவனைப் பிடிக்கப் போட்ட சட்டத்தை, அது அலைகிறது என்று சொல்லி அடித்திருக்கிறார்கள். லத்தீன் தெரிந்த எவனோ மேலே உட்கார்ந்து சிரித்திருப்பான்.

நம் தலைமுறைக்கு நினைவிருப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. 2008 திருத்தத்தில் நுழைந்தது. இணையத்தில் மிகவும் புண்படுத்தும் செய்தி, எரிச்சலூட்டும் செய்தி, அசௌகரியம் தரும் செய்தி அனுப்பினால் மூன்று ஆண்டு வரை சிறை. எரிச்சல் என்றால் யாருடைய எரிச்சல்? எந்த டிகிரி எரிச்சல்? 2012 நவம்பரில் பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை மூடிக்கிடந்ததைப் பற்றி ஃபேஸ்புக்கில் கேள்வி எழுப்பிய ஒரு பெண்ணும், அதற்கு லைக் போட்ட அவர் தோழியும் பால்கரில் கைதானார்கள். அதே ஆண்டில் புதுச்சேரியில் ஒரு ட்வீட்டுக்காக ஒருவரைப் பிடித்துப் போனார்கள். 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் நீதிபதிகள் செலமேஸ்வர், நாரிமன் அமர்வு 66ஏ-வை மொத்தமாக ரத்து செய்தது. பேச்சுரிமையை மீறுகிறது என்பதோடு, பயன்படுத்திய சொற்கள் திறந்த முனையாக இருக்கின்றன, ஒருவருக்குப் புண்படுத்துவது இன்னொருவருக்கு அப்படி இல்லாமல் போகலாம் என்பதும் தீர்ப்பின் முக்கிய வாதம். ‘எரிச்சல்’ என்ற சொல் வீட்டில் பேசும்போது எந்தத் தொல்லையும் தருவதில்லை. ஒரு கான்ஸ்டபிள் அதை வைத்துக் கதவைத் தட்ட வேண்டும் என்னும்போதுதான் அது போதவில்லை.

இவ்வளவு கோர்ட்டுப் பேச்சுக்குப் பிறகு அன்றாட ஆங்கிலத்துக்குத் திரும்பினால், சொல் கொஞ்சம் சாதுவாகிவிடுகிறது. ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது ‘அபௌட்’ என்ற முன்னிடைச் சொல்லோடு வரும்: ‘ஹீ வாஸ் வேக் அபௌட் ஹிஸ் பிளான்ஸ்’. நம் வழக்கப்படி ‘வேக் இன் ஹிஸ் பிளான்ஸ்’ என்று எழுதினால் ஒட்டாது. நினைவு, உணர்வு, சந்தேகம் ஆகியவற்றுக்கு முன்னால் தாராளமாக வரும். அங்கே அது குறையும் அல்ல, புகாரும் அல்ல. ‘வேக் ஃபியர்’ என்றால் நம் ‘இனம்புரியாத பயம்’ அப்படியே பொருந்துகிறது. ‘வேக்லி ஃபெமிலியர்’ என்றால் எங்கேயோ பார்த்த முகம். ‘ஐ ஹேவன்ட் த வேகஸ்ட் ஐடியா’ என்பதில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மாட்டிக்கொள்வோம். அதற்கு அர்த்தம் எனக்குத் துளியும் தெரியாது என்பதுதான். வயதான, ஞாபகம் எங்கோ இருக்கிற ஒருவரைப் பற்றி ஆங்கிலேயர்கள் ‘கொஞ்சம் வேக்’ என்று கரிசனத்தோடு சொல்வதுண்டு.

எங்கே வராது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். போனில் குரல் சரியாகக் கேட்கவில்லை என்றால் அது ‘வேக்’ அல்ல. போட்டோ ஆடிப்போயிருந்தால் ‘பிளர்’. டாக்டரின் கையெழுத்து புரியாவிட்டால் அதற்கு வேறு சொல் இருக்கிறது. நம் ‘தெளிவில்லை’ இவை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்திருப்பதால்தான் ஆங்கிலம் எழுதும்போது கை தடுமாறுகிறது. அலுவலகங்களில் இன்னொரு வேடிக்கை. ‘யுவர் ரிப்போர்ட் இஸ் வேக்’ என்று ஒற்றை வரியில் மேலதிகாரி எழுதி அனுப்புவார். எந்தப் பக்கம், எந்த எண், எந்தத் தேதி என்று எதுவும் இருக்காது. அந்த வரியைவிட ‘வேக்’கான வரி அந்த ரிப்போர்ட்டில் இருந்திருக்க வாய்ப்பில்லை.

இத்தாலியர்களிடம் இந்தச் சொல்லுக்கு மரியாதையே வேறு. அங்கே ‘வாகோ’ என்றால் திட்டமில்லாதது என்றும் பொருள், அழகானது என்றும் பொருள். 19-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் லியோபார்தி, தொலைவு, பழமை போன்ற சொற்கள் கவித்துவமாக இருப்பதற்கே காரணம் அவை மனதில் எல்லையில்லாத எண்ணங்களைக் கிளப்புவதுதான் என்று தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். காதல் கடிதத்தில் தேதியும் தெருவும் கேட்கிறவன் எவன்?

தமிழும் இந்தக் கலையில் சளைத்ததல்ல. ‘பத்துப் பேர் வந்தார்கள்’ என்றால் எண்ணிச் சொல்கிறோம். முன்னால் ஓர் ‘ஒரு’ போட்டு ‘ஒரு பத்துப் பேர் வந்தார்கள்’ என்றதும் அது எட்டாகவும் இருக்கலாம், பன்னிரண்டாகவும் இருக்கலாம். ‘ஒரு’ என்பது ஒன்றைக் குறிக்கும் சொல், அதைப் போட்டதும் எண் கலைந்துவிடுகிறது, என்ன விந்தை! ‘காபி கீபி சாப்பிட்டீங்களா’ என்பதில் உள்ள கீபி எந்த ஓட்டலிலும் கிடைக்காது. காபியும் அது மாதிரி ஏதாவதும் என்று வேலியை வேண்டுமென்றே தள்ளி வைக்கிறோம், விருந்தாளிக்குச் சங்கடம் வராமல் இருக்க. ‘ஆறு மணி வாக்கில்’, ‘குத்துமதிப்பாக’, ‘ஏறக்குறைய’, ‘ஏதோ’ என்று வேறு எத்தனையோ. குறை சொல்வதற்கும் சொற்கள் குறைவில்லை. பொத்தாம்பொதுவாக, பட்டும் படாமலும், மொட்டையாக, வழவழா கொழகொழா. மழுப்புதல், பூசி மெழுகுதல் என்று போனால் ஆளின் உள்நோக்கத்தையும் சேர்த்துக் குத்துகிறோம். ஆங்கிலச் சொல் அதைச் செய்வதில்லை. ஒருவர் ‘வேக்’காகப் பேசினார் என்றால் தெரிந்தே மறைத்தார் என்றும் இருக்கலாம், அவருக்கே தெரியாது என்றும் இருக்கலாம். அந்த விஷயத்தில் ‘வேக்’ என்ற சொல்லே கொஞ்சம் ‘வேக்’தான்.

நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் ‘மயங்க வைத்தல்’ என்று ஒன்று வருகிறது. பலர் அதைத்தான் இதற்கு இணையாகக் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் அது ஆம்பிகுவஸ் பக்கம் சாய்கிறது, பொருள் இதுவோ அதுவோ என்று படிப்பவர் மயங்குவது. ‘விரைவில் தக்க நடவடிக்கை’ வகையறாவுக்கு அதே பட்டியலில் இருக்கும் ‘வெற்றெனத் தொடுத்தல்’ நெருக்கமாகப் படுகிறது. சொற்கள் தொடுக்கப்பட்டிருக்கின்றன, பிடித்துக்கொள்ள உள்ளே ஒன்றுமில்லை.

மறுவாரம் தாளைத் திருத்தி எடுத்துக்கொண்டு போனேன். குற்றச்சாட்டுகள் ‘யார், எப்போது, எங்கே என்ற விவரமில்லாமல் பொத்தாம்பொதுவாக’ ஆகியிருந்தன. சாட்சிக்குத் தேதி ‘அரைகுறையாகவே நினைவிருந்தது’. கேட் பக்கம் ‘யாரோ நிழலாட்டமாகத் தெரிந்தார்’. வக்கீல் மூன்றுக்கும் தலையாட்டிவிட்டு, பணம் கைமாறிய இடத்தில் பேனாவை நிறுத்தினார். நான் ‘விவரமாகச் சொல்லவில்லை’ என்று எழுதியிருந்தேன்.

“மழுப்பினார்னு போடுங்க தம்பி, அதுதானே உண்மை?”

“உண்மையா இருக்கலாம் சார். ஆனா இங்கிலீஷ்ல அப்படி இல்லையே. மழுப்பினார்னா வேணும்னே மறைச்சார்னு ஆயிடும்.”

அவர் நம் கட்சிக்காரரின் வக்கீல். ‘மழுப்பினார்’ என்பது அவருக்கு எவ்வளவு சௌகரியம் என்பது எனக்கும் தெரியும். கொஞ்ச நேரம் ஆங்கிலத் தாளையும் தமிழ்த் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “சரி, அப்படியே இருக்கட்டும். மழுப்பினதை நான் வாதத்துல சொல்லிக்கிறேன்” என்று மூடியைப் போட்டுப் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.